அப்பாவுக்குக் குரல் போன மாதம்

எங்கள் வீட்டில் அத்தையின் பெயரை யாரும் சொல்ல மாட்டோம். அப்பாவுக்கு ஒரே தங்கை. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவரைத் தானாகப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேர பஸ் பயணம்தான். ஆனால் மாப்பிள்ளை வேறு மதம், அப்பாவோ கிறிஸ்தவ சபையில் மூப்பர். அந்த அரை மணி நேரத்தை எங்கள் வீட்டில் யாரும் கடக்கவில்லை.

மில்லிலிருந்து வந்ததும் அப்பா சாயங்கால ஜெபத்துக்கு உட்காருவார். தீர்க்கதரிசிகளைத்தான் விரும்பி வாசிப்பார். பட்டணங்கள் எரியும், வெட்டுக்கிளிகள் வரும். சோரம்போன ஜனத்தைக் கர்த்தர் கடிந்துகொள்ளும் இடத்தில் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். கர்த்தருக்கும் அப்பாவுக்கும் ஒரே ஆள்மேல் கோபம் என்று நான் நம்பியிருந்தேன். பட்டணம் எரிந்ததும் வேதத்தை மூடிவிடுவார். எரிந்த பிறகு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாள். பக்தி என்று நினைப்பேன், அது அலுப்பு.

நான் ஆறாவது படிக்கையில் அப்பாவுக்கு மதுரையில் தைராய்டு ஆபரேசன் நடந்தது. ஒரு மாதம் பேசக்கூடாது என்றார்கள். வாசிக்கிற வேலை எனக்கு வந்தது.

அன்றைய அதிகாரத்தில், கைபிடித்து நடக்கப் பழக்கிய பிள்ளை தன்னை விட்டுப் போய்விட்டதாகக் கர்த்தர் வருந்தினார். பிறகு பட்டணங்களை வெட்டப் பட்டயம் வந்தது. அப்பாவாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார். எனக்கு அது தெரியாததால் மேலே வாசித்தேன். உன்னை எப்படிக் கைவிடுவேன், என் மனமே புரளுகிறதே என்று கர்த்தர் சட்டென்று இரங்கிவிட்டார். அப்பா விரலால் பக்கத்தைத் தட்டினார். மறுபடி வாசித்தேன். மறுபடியும் தட்டினார். அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கிளப்பினார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை.

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரெண்டாவது சந்து. பச்சை கேட்டு.”

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அப்பாவிடம் குரல் இல்லை.

கதவைத் திறந்த அத்தை, அப்பாவின் கழுத்துக் கட்டைப் பார்த்தாள். “யாரு செத்தா?” என்று என்னிடம் கேட்டாள்.

“யாரும் சாகல அத்தை. அப்பாவுக்கு ஆபரேசன். பேசக்கூடாதுன்னுட்டாவ. சும்மாதான் வந்தோம்.”

அவள் வாசலை மறித்தபடியே நின்றாள். “நம்மளப் பெத்த அய்யா செத்தப்ப ஒரு ஆள் அனுப்பலியே அண்ணே. அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள், மளிகைக் கடையில நின்னு கேள்விப்பட்டேன். அம்மா இல்லாத பிள்ளைன்னு நீங்கதான என்னைய நடக்கப் பழக்குனிய? நான் போனது தப்புன்னே இருக்கட்டும். மொகம் பாக்கக்கூடவா விடக்கூடாது?”

சத்தம் போடவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிச் சலித்ததைப்போலச் சொன்னாள். அப்பா கைகளைக் கூப்பினார். ஜெபத்துக்கு வெளியே அவர் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

அத்தை உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “இன்னிக்கு உள்ள கூப்பிட மனசு வரல. கொஞ்ச நாள் போகட்டும். நானே வாரேன்.”

திரும்பும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கர்த்தரே ஒரு பக்கத்துக்குள் மனமிரங்கிவிட்டார், இவளுக்கு என்ன? அப்பாவோ ஜன்னலில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கினார். ராஜபாளையத்தில் கண்டக்டர் தட்டித்தான் எழுப்பினார்.

அத்தை வர எட்டு மாதம் ஆனது. வாசலில் நின்று திட்டு வாங்கிய மனிதருக்கு அப்படியொரு தூக்கம் எப்படி வந்தது என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை. அவள் கேட்ட கேள்விகள்தான் என் காதில் இருந்தன. கடைசியில் ‘நானே வாரேன்’ என்று சொன்ன இரண்டு வார்த்தைகளை அவர் கேட்டிருக்கிறார்.