நாரிக்குப் போட்ட புள்ளடி

இந்தியா அகதி முகாமிலிருந்து எங்கள் ஊர் தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்து, வீட்டு வளவைத் துப்புரவாக்கி, கருவாடு போடத் தொடங்கிய இரண்டாம் மாதமே எனக்கு நாரி பிடித்துவிட்டது. முதுகின் அடியில் நண்டு கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. மருமகள் கதிரையைக் கொண்டுவந்து வைத்து, இனி நான் அதில் உட்கார்ந்துகொண்டு காகம் கலைத்தால் போதும் என்றாள். பாயில் மீனைப் பரப்புவதும் புரட்டுவதும் தன் வேலையாம். அதுதான் எனக்கு நாரியைவிட நொந்தது. முகாமில் அத்தனை வருடம் சும்மா இருந்தது போதாதா?

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், எலும்பில் பழுதில்லை, தசைதான் இறுகிக் கிடக்கிறது என்றார். படுத்தே கிடக்கக்கூடாது, நடக்க வேண்டும், வேலையும் செய்யலாம், முறையாகச் செய்தால் சரி என்றார். வேலை செய்யலாம் என்றது எனக்குப் போதும். பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிள்ளை படம் போட்ட தாள் ஒன்றைத் தந்து, வாசிப்பீர்களா என்று கேட்டாள். என் பெயரை எழுதுவேன். அதற்குமேல் எழுத்தோடு எனக்குப் பழக்கமில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்ல மனம் வருமா? ஓம் என்றேன்.

வீட்டில் தாளை விரித்தேன். ஒரு படத்தில் ஒருத்தி முழங்காலை மடக்கி வாளி தூக்குகிறாள். அதில் தூண்டில் கொக்கி மாதிரி ஒரு கீறல். அது என்னவென்று விளங்கவில்லை. பக்கத்துப் படத்தில் அவளே காலை மடக்காமல் இடுப்பை ஒடித்துக் குனிகிறாள். அதில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு, பெரிய புள்ளடி. புள்ளடி எனக்குத் தெரியும். ஊருக்கு வந்த பிறகு வோட்டுப் போட்டவள் நான்.

ஒரு கிழமை, ஏழு நாளும், புள்ளடிப் படத்தின்படியே மீன் புரட்டினேன். அடுத்த கிளினிக்குக்கு மருமகள் தாங்கித்தான் கொண்டுபோனாள். இனிக் கதிரைதான் கதி என்று நினைத்தேன்.

எப்படிக் குனிகிறேன் என்று செய்துகாட்டச் சொன்னாள் அந்தப் பிள்ளை. காட்டினேன்.

"அம்மா, புள்ளடி போட்டதெல்லே செய்யக்கூடாதது."

"அப்ப வோட்டுப் போடேக்க மட்டும் வேண்டின ஆளுக்குப் புள்ளடி போடச் சொல்லினமே பிள்ளை, அதென்ன?"

மருமகள் முந்திக்கொண்டாள்.

"அந்தப் புள்ளடியாலயும் எங்களுக்கு ஒரு சுகமும் வரேல்லத்தானே, மாமி."

பிறகு மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கவும் நாரி நொந்தது.

இப்போது சாக்கை மடித்துப் போட்டு முழந்தாளில் நின்று புரட்டுகிறேன். மீன்பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறேன். இடைக்கிடை எழுந்து கடலோரம் நடந்துவிட்டு வருவேன். நான் முழந்தாளில் நிற்பதைப் பார்த்து, சைக்கிளில் போகிறவர்கள் கடற்கரையிலும் செபமோ என்று கேட்பார்கள். ஓம் என்பேன்.

கதிரையும் வீண்போகவில்லை. உப்புத் தண்ணீர் வாளியை அதன்மேல் வைத்திருக்கிறேன், குனியாமல் எடுக்க.