ஒரே லாட்டில் ஐம்பது ஐபி

பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்து பார்க்கும் வர்த்தக இணையதளம் ஒன்றில் எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த தாராபுரத்து அக்கா அதில் ஒரு பையரிடம் மூன்று மாதம் பேசி, ஆர்டரைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அது வந்தால்தான் அவருக்கு வேலை நிரந்தரம்.

முதலாளிக்கு ஒரு கடை போதவில்லை. ஐம்பது பொய்ப் பெயர்களில் ஐம்பது கடை விரித்தால் பையர் எங்கே தப்புவான் என்று கணக்குப் போட்டார். எல்லாம் ஒரே ஆபீஸ் என்று தளத்துக்குத் தெரியக்கூடாதே! வேறு வேறு இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் ஐம்பது பிராக்ஸி ஐபி முகவரிகளை விலைக்கு வாங்கிவிட்டார். அபார மூளை.

பட்டியலைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு முகவரிக்கு நான்கு எண்கள். ஐம்பதிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றேதான். கடைசி எண் மட்டும் வரிசையாக ஏறிக்கொண்டு போனது.

“ஏனுங்க, இதெல்லாம் ஒரே சப்நெட்டுங்க. ஒரே தெரு மாதிரி. ஒண்ணு மாட்டுனா தெருவையே அடைச்சுருவாங்க.”

“நாந்தான் கண்ணு அப்படிக் கேட்டு வாங்குனேன். லாட் கலந்தா ஷேடு மாறிருமில்ல?”

முப்பது வருடம் நூல் வாங்கிய பெருமை அது. நூலில் சாய லாட் மாறினால் பனியனின் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் ஆகும். ஐபிக்கு ஏது சாயம்? விற்றவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

இன்னொரு முறை விளக்கியிருக்கலாம். சொன்னால் கேட்கிற ஜென்மமா, பட்டுத் தெரியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். “நம்ம பழைய கணக்கும் அதே லாட்லயே ஓடட்டும்” என்றார் முதலாளி. மறுபேச்சில்லாமல் அதையும் மாற்றிக் கொடுத்தேன். மனதுக்குள் குஷிதான்.

நான்காம் நாள் தளம் அந்த சப்நெட்டையே பூட்டியது. ஐம்பது பொய்க் கணக்குகளோடு எங்கள் அசல் கணக்கும் போயிற்று. அக்காவின் பேச்சு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. பையரின் மெயில் முகவரிகூட வெளியே இல்லை. ஆர்டர் போயிற்று. “அந்தப் பொண்ணுக்கு ராசி இல்லீங்க” என்று ஊருக்கெல்லாம் சொல்லி, முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்.

அக்கா டிபன் டப்பாவைப் பையில் வைத்தபடி கேட்டார்: “இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?”

“இல்லீங்கக்கா” என்றேன்.

அந்த முட்டாள் முதலாளிக்காவது நிஜமாகவே தெரியாது. “உடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க” என்று அக்கா எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.