நீல மையில் ஒரு கட்டம்

‘தெர்மாமீட்டர்’ என்ற பெயர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் காதில் விழுந்தது, சின்ன மாமா டைபாய்டில் படுத்த வருஷம். மாமாவின் மூத்த மருமகள் அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தாள், இருபது நாள்கூட ஆகவில்லை. நர்ஸ் படிப்பு படித்தவள். மாமனாரின் கட்டில் காலடியில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டிக் கட்டம் போட்டாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் பார்த்து எழுதுவாள். இருந்தால் சிவப்பு மை, இறங்கினால் நீலம். ஒரு கட்டம்கூடக் காலியாக விடமாட்டாள். “தூங்க விடும்மா” என்று மாமா கெஞ்சினாலும் வாயைத் திறக்கச் சொல்லிச் செருகிவிடுவாள்.

கொழுந்தன்தான் கிண்டலை ஆரம்பித்தான். “தெர்மாமீட்டர் அண்ணி, காப்பி ஆறிடுச்சான்னு அதை வெச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்!”

வீடே சிரித்தது, அவளும்தான் சிரித்தாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

அந்த வருஷமே ஜெயில் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எட்டுக் கட்டில், ஒரு குழாய், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். அங்கே போயும் அதே கட்டம், அதே இரண்டு பேனா. திருடன், மோசக்காரன், கை கால் வெட்டியவன் எல்லாரும் அவளுக்கு ஒன்று. “எங்கிட்ட எல்லாரும் நாக்கைத்தானே நீட்டுறாங்க, கேஸ் கட்டையா நீட்டுறாங்க?” என்பாள்.

இருபத்தாறாவது வருஷம் ஒரு பெயிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளையடிக்கப் போன வீட்டில் வாய்ச்சண்டை முற்றி, கடப்பாரையால் அண்ணன் தம்பி இரண்டு பேரை அடித்துக் கொன்றவன். இல்லை என்று அவனும் சொல்லவில்லை. தூக்குக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்கு நாலு நாள் முன்னால் நூற்று நாலு காய்ச்சல், நெஞ்சு முழுக்கச் சளி.

ஜெயில் சூப்பிரண்டே வார்டுக்கு வந்தார். “எப்படியாவது இவனைத் தேத்திடும்மா. என்ன வேணுமோ கேளு.”

ஒரு போர்வைக்கு ஆறு மாதம் எழுதி எழுதி அலுத்தவள் அவள். இப்போது கேட்ட ஒரு மணி நேரத்தில் மருந்து வந்தது. புது விரிப்பு, பால், முட்டை, ஆரஞ்சுப் பழம் எல்லாம் வந்தன. தேதியும் வந்து போயிற்று, யாரும் வாய் திறக்கவில்லை. தூக்கைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தாள். வீட்டுக்கு வந்து ஓர்ப்படியிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

“எங்க சூப்பிரண்டுக்கு எவ்வளவு இரக்கம் தெரியுமாடி?”

“கொலைகாரனுக்கு ஆரஞ்சுப் பழமா? என் புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப நீ ரஸ்க்குதானே குடுத்தே!”

பதினோரு நாள் அவனைப் புரட்டிப் படுக்கவைத்தாள், முதுகைத் தட்டிச் சளி எடுத்தாள், ஈரத்துணியால் துடைத்தாள். மகளின் பரீட்சை முடிவு வந்த அன்றும் வீட்டுக்கு வரவில்லை. அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்ததும் கண் சுவரில்தான் போயிற்று.

“அக்கா, சுவர் ஓதம் ஏறிக் கெடக்கு. நல்லா சுரண்டிட்டு ரெண்டு கோட்டு அடிக்கணும்.”

“மொதல்ல எழுந்து நட. அப்புறம் நீயே அடி.”

சொன்னாளே, அந்த வார்த்தைதான் பின்னால் அவளை அறுத்தது.

பன்னிரண்டாம் நாள் காலை தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நீல மையில் எழுதி, கட்டம் போட்ட அட்டையைக் கழற்றிக்கொண்டு சூப்பிரண்டு அறைக்கு ஓடினாள். அவர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“அப்பாடா. இன்னும் ரெண்டு நாள் இதே மாதிரி எழுதிக் குடு. நோயாளியத் தூக்குல போடக் கூடாதுன்னு விதி இருக்கு. உன் அட்டையப் பாத்துதான் டாக்டர் கையெழுத்துப் போடுவார்.”

பதினோரு நாள் ராப்பகலாகக் கயிற்றுக்குப் பணிவிடை செய்திருக்கிறாள்! வார்டுக்குத் திரும்பினால், கயிற்றின் நீளத்தைக் கணக்கிட இரண்டு வார்டர்கள் எடை மெஷினோடு நிற்கிறார்கள். பெயிண்டர் அதன்மேல் நிற்கிறான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

“அக்கா, சிவப்புல எழுதுங்க. ஒரு புள்ளி வெச்சாலும் போதும். எனக்கு இன்னும் ரெண்டு நாள் கெடைக்கும்.”

இருபத்தாறு வருஷத்தில் இல்லாத காய்ச்சலை அவள் எழுதியதில்லை. கை வரவில்லை. நீலத்தில் எழுதவும் வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டாள். மறுநாளும் காலியாக விட்டாள். சூப்பிரண்டு வந்து நின்றார்.

“பொய்யா எழுதச் சொன்னேன்? இருக்கிறதைத்தானே எழுதச் சொல்றேன்.”

“எழுத மாட்டேன் சார்.”

“ரெண்டு பேரைக் கொன்னவன்மா இவன்.”

“தெரியும். அவன் கண்ணு மண்ணு தெரியாத கோபத்துல கொன்னான். நீங்க பால் குடுத்து, பழம் குடுத்து, எடை பாத்து, நாள் குறிக்கிறீங்க. இதுக்கு என்ன சார் பேரு?”

“சட்டம்.”

“அப்ப அந்தச் சட்டமே வந்து வாயில தெர்மாமீட்டர் வைக்கட்டும்!”

கம்பவுண்டர் வந்து வைத்தான். அன்றைய கட்டத்தோடு, தான் பார்க்காத முந்தின நாள் கட்டத்தையும் நீலத்தில் நிரப்பினான். டாக்டர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் விடியலில் காரியத்தை முடித்துவிட்டார்கள். பார்க்காமலே எழுதியவனுக்கு ஒரு கேள்வி இல்லை. எழுத மறுத்தவளுக்குக் கீழ்ப்படியாமை என்று வேலை போயிற்று.

ஓர்ப்படிக்கு ஆறவில்லை. “செத்த ரெண்டு பேரோட பொண்டாட்டிங்க முகத்தப் பாத்து இதெல்லாம் சொல்லுவியா நீ?”

“சொல்லுவேன். அவங்க அழுகை நியாயம். அதுக்கு நோயாளியத் தேத்துற என் கையை எடுத்துக்கிட்டாங்களே, அது என்னடி நியாயம்?” என்றவள் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வீசினாள். “நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒரு சிவப்புப் புள்ளி கேட்டான். பொய் எழுத மாட்டேன்னு என் பவுசைக் காப்பாத்திக்கிட்டேன். வெச்சிருந்தா என்ன குடி முழுகியிருக்கும்?”

ஓர்ப்படி டம்ளரை எடுத்து வைத்தாள்.

அதற்கப்புறம் நம் வீட்டில் யாரும் அவளைத் தெர்மாமீட்டர் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

இப்போது அவளுக்கு அறுபத்தேழு வயது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டும் அறையில் பகல் வேலை பார்க்கிறாள்.