கணையத்துக்கு ஓர் உரு

திருச்செந்தூர் கோவில் வாசலில் நேர்ச்சைச் சாமான் விற்கும் கடைகளில் அநேகமாக எல்லா உறுப்பும் கிடைக்கும். கண்ணில் கோளாறு என்றால் கண், முழங்கால் வலி என்றால் கால், பிள்ளை இல்லாதவர்களுக்குத் தொட்டில். மெல்லிய வெள்ளித் தகட்டில் அச்சடித்து அட்டையில் குத்தி வைத்திருப்பார்கள். நோய் தீர்ந்ததும் அந்த உருவை உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடை கடையாக ஏறி இறங்கி, "கணையம் இருக்கா?" என்று கேட்டேன்.

முதல் கடைக்காரர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அடுத்தவர் ஏதோ புதுச் சாமான் வந்திருக்கிறது போல என்று பக்கத்துக் கடையைக் கைகாட்டிவிட்டார். மூன்றாவது கடையில் இருந்த அம்மாள் மட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"அது எங்கன இருக்கு அண்ணாச்சி?"

வயிற்றுக்குப் பின்னால் என்று சட்டைக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன்.

"அப்பம் வயிறு எடுத்துக்கிடுங்க. உள்ள இருக்கது எல்லாம் அதுல அடக்கம்தான. முருகனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா இது வந்தே இருக்காதுல்லா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். கோவில் வாசலில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா அது? அந்த நாட்களில் எனக்கு வாய் அப்படி இருந்தது. எப்போதுமே கொஞ்சம் அப்படித்தான் என்று என் மனைவி சொல்லுவாள்.

அவளுக்குத்தான் கணையத்தில் புற்றுநோய். முதுகுவலி என்று ஆரம்பித்தது. வாயு என்று சொல்லிப் பூண்டைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கண் மஞ்சளித்த பிறகுதான் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர், ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுவை சிகிச்சை செய்ய முடியாது, மாதக் கணக்குதான் என்றார். அவள் எதிரிலேயே சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள், "காரம் சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, ஒரு துணிக்கிழிசலை மஞ்சள் நீரில் நனைத்து, ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்து, முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவளைப் பிழைக்க வைத்துக் கொடு, உன் சன்னதிக்கு வந்து வெள்ளியில் உரு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சும்மா உரு என்று சொல்லவில்லை, கணையம் என்றே சொன்னேன்.

அது தொழில் புத்தி. முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பேப்பர் பார்க்கிறவன் நான். பெட்டிக்குள் இருக்கிற சரக்கும் பேப்பரில் எழுதியிருக்கிற சரக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தோலோடு வந்த முந்திரியை வெறும் முந்திரி என்று எழுதிவிட்டால் போதும், பெட்டி வாரக் கணக்கில் வெயிலில் கிடக்கும். வயிறு என்று எழுதிக் கொடுத்தால் கடவுள் வயிற்றை மட்டும் சரிபண்ணிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார் என்று நான் நிஜமாகவே பயந்தேன். நோய் தீர்ந்த பிறகு வாங்க வேண்டிய உருவை முன்கூட்டியே தேடி அலைந்ததும் அதனால்தான். பேப்பர் எல்லாம் தயாராக இருந்தால் வேலை தானாக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை.

கடைசியில் எங்கள் ஊர் வெள்ளி ஆசாரி ஒருவரிடம் ஒரு மருத்துவப் புத்தகப் படத்தைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் வெட்டிக் கொடுத்தார். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் வால் போலச் சிறுத்து, விரல் நீளத்தில் இருந்தது. அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னது இது, சாளை மீனா?"

"கணையம்ளா."

"நல்லா இருக்கு போங்க. முருகன் இதப் பாத்துட்டு, இவ மீன் கொழம்பு கேக்கா போலன்னு நெனச்சுக்கிடப் போறான்."

இரண்டு பேரும் சிரித்தோம். நோய் தெரிந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். வெள்ளி மீனை முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் பக்தி வேறு மாதிரி. ஏரலில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு நேர்ச்சைகூட நேர்ந்ததில்லை. "அதக் குடு, இதக் குடுன்னு அவன்கிட்ட போய் நிக்கதுக்கு அவன் என்ன ரேஷன் கடையா வச்சிருக்கான்?" என்பாள். ஆனால் நாள் முழுக்க அவனோடு பேசிக்கொண்டே இருப்பாள். அடுப்படியில் நின்றுகொண்டு, பக்கத்து அறையில் இருக்கிற ஆளிடம் சொல்லுவது போல, "பால் திரிஞ்சு போச்சு முருகா", "இந்தக் கரித்தூசிய எத்தனை நாள்தான் தொடைக்க முருகா" என்பாள். துறைமுகப் பக்கம் இருக்கிற எங்கள் ஜன்னல்களில் நிலக்கரித் தூசி ஓயாமல் படியும். கல்யாணமான புதிதில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு எட்டிப்பார்த்திருக்கிறேன்.

மூன்று கீமோவோடு நிறுத்திவிட்டார்கள். உடம்பு தாங்காது, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். பார்த்துக்கொள்வது என்ன லேசா? மாத்திரை போட்டு அடங்கும் வலி, அடுத்த மாத்திரைக்கு முன்னாலேயே வந்து நின்றது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. கை கால் குச்சியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் நான் திருச்செந்தூர் போய்ப் பன்னீர் இலையில் மடித்துத் தருகிற விபூதியை வாங்கி வந்து அவள் வயிற்றில் பூசுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "குளுகுளுன்னு இருக்கு முருகா" என்பாள். ஜன்னலில் தூசி தடித்துக் கிடந்தது. அதைத் துடைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஒத்தாசைக்கு ஏரலிலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே போவாள். ஒரு மத்தியானம் மனைவிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியைத் தள்ளினாள்.

"அந்த முடிச்ச அவுத்துருங்க."

"எந்த முடிச்சு?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"கேட்டு முடிஞ்சு வச்சிருந்தா உசிரு அதுலயே தொங்கிக்கிட்டு கெடக்குமாம். அக்கா சொல்லுதா. காச அவுத்துட்டு, அந்த மீனையும் கொண்டு போய் அவன்கிட்ட குடுத்துட்டு, போதும்னு சொல்லிட்டு வாங்க."

"ஒங்க அக்காவுக்கு வேற சோலி இல்லையா? ஒத்தாசைக்கு வந்தாளா, ஒன்னைய வழியனுப்ப வந்தாளா?"

வேண்டுமென்றேதான் உரக்கக் கத்தினேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இவள் என் கையைப் பிடித்தாள்.

"அவ சொன்னதுக்காவ இல்ல. எனக்கு முடியல. நான் அவன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்ல. இத மட்டும் கேக்கேன். முடிச்சு போட்டவரு நீங்க, நீங்க போய்ச் சொன்னாத்தான் செல்லும்."

நான் மாட்டேன் என்றேன். நான்கு நாள் மாட்டேன் என்றேன். அந்த நான்கு நாளும் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. முடிச்சையும் வெள்ளியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

போட வேண்டும் என்றுதான் போனேன். வரிசையில் நின்றேன், கும்பிட்டேன், உண்டியல் பக்கம் வந்தேன். பைக்குள் கையை விட்டால் கை வெளியே வரவில்லை. அதைப் போட்டால் அவளை நானே அனுப்பிவைத்த மாதிரி. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளைக் கூட்டிக்கொண்டு போ என்று எந்த வாயால் சொல்வது? பின்னால் நின்றவர் "நகருங்க" என்றார். நகர்ந்துவிட்டேன். இலை விபூதியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே அலுவலகத்துக்குப் போய் முடிச்சையும் வெள்ளியையும் என் மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.

"போட்டுட்டியளா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு."

"போதும்னு சொன்னியளா?"

"சொல்லிட்டேன்."

படுத்தபடியே கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு எந்தச் சேலையைக் கட்டிவிட வேண்டும் என்று சொன்னாள். மகளிடம் போனில் ரொம்ப நேரம் பேசினாள். ஊருக்குப் புறப்படுகிறவள் மாதிரி ஒரு சுறுசுறுப்பு அந்த முகத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தவுடன், "இன்னும் இங்கனதான் கெடக்கேனா?" என்று சிரித்தாள். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னாள். நான்காம் நாள் சொன்னபோது சிரிக்கவில்லை. ஏழாம் நாள் காலையில் வலி அடங்காமல் கிடந்தவள் என்னைப் பார்த்து, "நான் அவனுக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். "ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன். அதுவும் ஆவாதுன்னுட்டானே. என்ன பாவம் செஞ்சேன்னும் தெரியலையே."

மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் கவனித்தேன், வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கேட்டுப் பழகிய "முருகா" நின்றுபோயிருந்தது. வலி வந்தால் "அம்மா" என்றாள். பத்தாம் நாள் இலை விபூதியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம், வைங்க அங்கன" என்றாள்.

நோய் அவளிடமிருந்து தலைமுடியை, சாப்பாட்டை, தூக்கத்தை எல்லாம் எடுத்துவிட்டது. அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே துணையைப் பறித்தவன் நான். நாளைக்கே அவள் போய்விட்டால், தன் சாமி தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் போவாள். அதை நினைத்தபோது வந்த பயம், அவள் போய்விடுவாளே என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பதினோராம் நாள் அலுவலகம் போய் டிராயரைத் திறந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு, லீவுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். அக்கா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து முடிச்சையும் வெள்ளி மீனையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

வெள்ளி மீனைத் திருப்பிப் பார்த்தாள்.

"போடலையா?"

"போடல."

"போதும்னு சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லல. கும்பிட்டுட்டு வந்துட்டேன். அவனுக்கு நீ கேட்டதே தெரியாது."

"எதுக்குப் பொய் சொன்னிய?"

"நீ போயிருவியேன்னு" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். "மன்னிச்சிரு" என்று எப்படியோ சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்பம் அவன் மாட்டேன்னு சொல்லல" என்றாள்.

"இல்ல."

"சொல்லல" என்று மறுபடியும் சொல்லிக்கொண்டாள். சிரிப்பு வந்தது, சிரித்ததில் வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "பாவம் அவன். ஒங்களால அவன்கிட்ட இத்தன நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு கெடந்தேனே."

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். விரலில் பலம் இல்லை. மஞ்சள் காய்ந்து இறுகிப்போயிருந்தது. என் நகத்துக்கும் அசையவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தேன். காசை அவள் கையில் மூடிக்கொண்டாள். வெள்ளியைக் கொண்டு போய் இப்போதே போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

"எங்கயும் போவாண்டாம். போனா வர சாயங்காலம் ஆயிரும். இங்கன இரிங்க. அவன்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

முடிச்சை அவிழ்த்தவுடன் அவள் போய்விடவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருந்தாள். அக்கா சொன்னது உண்மையா, டாக்டர் சொன்ன கணக்கு உண்மையா என்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்பது நாளும் வலி இருந்தது, பேச்சும் இருந்தது. "முருகா, உப்பு வெளையுற ஊர்ல இருந்துக்கிட்டு இந்த மனுஷன் கஞ்சியில உப்பே போட மாட்டேங்காரு" என்று ஒருநாள் சொன்னாள். நான் ஜன்னலைத் துடைத்தேன். பத்தாம் நாள் விடிந்து, மகள் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது, என் கை அவள் வயிற்றில் விபூதியோடு இருக்கையில் மூச்சு நின்றது. நெற்றியில் வைக்க அக்கா காசு தேடினார்கள். தேட வேண்டாம், அவள் கையிலேயே இருக்கிறது என்றேன்.

சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் கோவிலுக்குப் போகக்கூடாது என்பார்கள். வருகிற மாதத்தோடு அது முடிகிறது. வெள்ளி மீன் முருகன் படத்துக்கு முன்னாலேயே இருக்கிறது, கொஞ்சம் கறுத்துவிட்டது. யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று மகள் சொல்லுகிறாள். அது முடியாது. நேரில் போய்த்தான் போட வேண்டும். இந்தத் தடவை அவனிடம் கேட்பதற்குச் சரக்கு விவரம் எதுவும் இல்லை. ஒருத்தி உன்னோடு நான்கைந்து நாள் பேசாமல் இருந்தாளே, அது அவளால் இல்லை, என்னால் என்று சொல்ல வேண்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.