மிதித்தவர்களின் பெயர்

“நீ எவ்வளவு படிச்சாலும், நாலு பேர் கூடின இடத்திலை ‘ஊரிலை எவடம்’ எண்டு ஒராள் கேட்டால் அதோடை சரிதானே, பிள்ளை?”

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் பியர்பொன்ட்ஸ் புறநகரில், ஒரு பிறந்தநாள் வீட்டில் ஓர் அன்ரி, கேக் தட்டும் கையுமாக, இதைச் சொன்னார். குரலில் கோபமில்லை. ஊரில் எந்த இடம் என்று கேட்பது சாதியைக் கேட்பதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். ஆனால் அப்பப்பா ஊரில் கட்டாடி, துணி வெளுப்பவர். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மற்றவர்கள் நடந்து போக நிலபாவாடை என்னும் வெள்ளைத் துணியை நிலத்தில் விரித்தவர். அப்பாவுக்கு இங்கே ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை. யாராவது கேட்டால் ‘ஹோட்டலிலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்தப் பருவத்தில் பல்கலைக்கழக வரலாற்று வகுப்பில் ஆளுக்கொரு ஆங்கிலக் குடும்பப் பெயரின் மூலத்தைத் தேடிப் பேசவேண்டியிருந்தது. எனக்கு வந்தது வாக்கர். நடப்பவன், வழிப்போக்கன் என்று சுலபமாக முடித்துவிடலாம் என நினைத்தேன். அப்படி இல்லை. நெய்த கம்பளியைத் தொட்டியில் ஊறப்போட்டு, அழுக்குப் போய் இழை இறுகும்வரை ஏறி நின்று மிதித்தவர்களின் பெயர் அது. நாறுகிற வேலை, பழைய மூத்திரத்தைக்கூடக் கலந்திருக்கிறார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் அந்தப் பெயரை வாசற்கதவில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

அன்ரியின் மகளும் அதே வகுப்பு. நான் எங்கள் கதையைச் சொன்னால் அன்று பின்னேரமே அது பியர்பொன்ட்ஸ் போய்ச் சேரும்.

“அப்பா, வெள்ளைக்காரரிலையும் கட்டாடியள் இருந்திருக்கினம். அதைப் பேராவே வைச்சிருக்கினம்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “‘எவடம்’ எண்டு கேக்க அவையளுக்கு ஒரு அன்ரி இருக்கேல்லைப் போலை.”

“வகுப்பிலை உங்களைப் பற்றியும் சொல்லட்டோ?”

“வேண்டாம்,” என்றார் அம்மா. “நாளைக்கு உனக்கொரு கலியாணம் பேச வேணும்.”

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். திரும்பி வர நேரமெடுத்தார்.

“சொல்லு. ஹோட்டல் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு விடாதை. நல்லா வெளுப்பார் எண்டும் சொல்லு.”

சொன்னேன். வாக்கரில் தொடங்கி நிலபாவாடையில் முடித்தேன். வகுப்பு முடிந்ததும் அன்ரியின் மகள் மெட்ரோ வரை என்னுடன் நடந்தாள்.

“அம்மாட்டை நான் சொல்லமாட்டன்.”

“இல்லை, சொல்லு,” என்றேன்.

முதுகலைக்கு விண்ணப்பித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் தொழிலால் வந்த பெயர்கள்தான் ஆய்வுத் தலைப்பு. முதல் நேர்காணலைப் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியிலேயே பதிவு செய்தேன். அப்பா தானே வெளுத்து மினுக்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.