நடுச் சிப்பாயைத் தொடாத பதினோரு வருஷம்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய் கிடைத்தவனுக்கு முதல் நகர்த்தல் சொந்தம். அதை எதுவென்று தீர்மானிக்க முடியாமல் ஆயுளில் பாதியைக் கழித்தவர்கள் சிலர் ஊருக்கு ஊர் உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். இதை வாசிப்பவர்களிலும் நாலு பேராவது இருப்பீர்கள்.

ராஜாவுக்கும் மந்திரிக்கும் முன்னால் நிற்கிற நடுச் சிப்பாய்களில் ஒன்றை இரண்டு கட்டம் தள்ளி ஆரம்பிப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. (இப்போது ராணி என்கிறார்களே, அதைத்தான் நாங்கள் மந்திரி என்போம். மூலைவாட்டில் ஓடுகிற காய் எங்களுக்கு ஒட்டகம்.) நடுவைத் தொடாமல், ஓரத்தில் எதையாவது நகர்த்திவிட்டு எதிராளி என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது என் போன்றவர்களின் வழி.

யுத்தத்துக்கு முன்னால் மதுரையில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவனாக இருந்தேன். கோச்சடையில் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் விளக்குத்தூண் பக்கம் ஒரு காபி கிளப்பின் மாடியில் எங்கள் ஆட்டம் நடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை வக்கீல்களோடு போட்டி. அதில் எனக்கு வெள்ளை வந்தால் எந்த ஓரத்தில் ஆரம்பிப்பது என்பதே பதினோரு வருஷமாக என் யோசனை. என் மனைவி அங்கம்மாளை நான் இழந்ததும் அந்த வருஷங்களுக்குள்தான். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பின்பாதிப் புத்தகம்

கல்யாணமான புதிதில், பழைய பேப்பர் கடையில் ஓர் இங்கிலீஷ் சதுரங்கப் புத்தகம் கிடைத்தது. மேலட்டை இல்லை. ஆரம்பமே நூற்று எத்தனையோ பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் படித்தவனில்லை. அச்சாபீசில் எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க இரண்டு நாள் ஆகும்.

ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. நடுச் சிப்பாயை நகர்த்தி ஆடுகிற ஆட்டங்கள் எல்லாம் கிழிந்துபோன முன்பாதியில் இருந்திருக்கின்றன. எனக்குக் கிடைத்தது ஓரத்து ஆட்டங்கள் மட்டும். ஆக, நான் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த வழி என்று மாடியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, கடைக்காரர் கிழித்து மிச்சம் வைத்த வழி. முன்பாதி எங்கே என்று அவரிடம் போய்க் கேட்டேன். அவர் தராசைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"அது பொட்டணம் மடிக்கப் போயிருச்சுண்ணே. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா முழுசா குடுத்திருப்பேன்."

ஈயத் துண்டுகள்

எங்கள் வீட்டுப் பலகைக்கு நான்கு சிப்பாய்கள் குறைவு. வரிகளுக்கு நடுவே இடம் விட வைக்கிற ஈயத் துண்டுகள் அச்சாபீசில் தேய்ந்து கழிந்துபோகும். அவற்றில் நான்கைக் கேட்டு வாங்கி வந்து நிறுத்திக்கொண்டேன். எதிரே உட்காருவது அங்கம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பிள்ளை இல்லாத வீடு. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் ஒரு மணி நேரம் ஓய்வு இருக்கும். நான் கற்றுக்கொடுத்த பத்தாம் நாளே என்னைத் தோற்கடித்தாள்.

அவளுக்கு ஆரம்பம், நடு, முடிவு என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. தாக்க வழி தெரிந்தால் தாக்குவாள். நான் குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்தச் சந்தில் ஒட்டகத்தை உட்காரவைத்து, அங்கிருந்து எதிர்மூலை வரை பார்க்கலாம் என்று விளக்குவேன். கேட்டுக்கொண்டே தன் நடுச் சிப்பாய்கள் இரண்டையும் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நிறுத்துவாள். ஒருநாள் பலகையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, அம்புட்டு எடம் நடுவுல காலியாக் கெடக்கு. எறங்குறதுக்கு என்ன பயம்?"

ராவுத்தரின் பட்டறையில்

மாடியில் என்னைவிட மூத்த ஆட்டக்காரர் காசிம் ராவுத்தர். தகர டிரங்குப் பெட்டி செய்து விற்பவர். சிப்பாய் எப்போதும் ஒரே கட்டம்தான் நகரும் என்ற பழைய நாட்டு ஆட்டத்தில் ஊறியவர். வக்கீல்களுக்காக நாங்கள் இங்கிலீஷ் விதிக்கு மாறியபோது, "சிப்பாய்க்கு என்ன அவசரம், குதிரையா அது?" என்று ஒரு மாதம் மாடிக்கே வராமல் இருந்தார்.

அவருடைய பட்டறைக்குப் போய் என் மூன்று வழிகளையும் விவரித்தேன். இடப்பக்கக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதா, அதை அடுத்த ஒட்டகச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதா, அல்லது வலப்பக்கம் ஆரம்பிப்பதா. ஒவ்வொன்றின் நன்மை தீமையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பெட்டிக்கு மூடி அடித்து முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சுத்தியலை வைத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் எந்தத் தெரு வழியாப் போறதுன்னு முக்குல நின்னு யோசிச்சா, அவுக வேற எடத்துல கட்டிக் குடுத்துருவாக. மொதல்ல வீட்டுக்குள்ள வாங்க."

கட்டை செதுக்கிய கதை

ஒரு வருஷம், எல்லாப் பலகையிலும் வெள்ளை எங்களுக்கே என்றானபோது, எங்கள் ஆட்கள் எல்லோரும் என் இரண்டாவது வழியையே ஆடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு தாள் அச்சடித்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். பலகையின் படத்துக்கு அச்சாபீசில் பிளாக் கிடையாது. மாமரக் கட்டையில் நானே நாலு நாள் உட்கார்ந்து செதுக்கினேன்.

எழுத்துக் கோர்ப்பவனுக்கு எல்லாம் இடவலம் மாறித்தான் கண்ணில் படும். அச்சில் நேராக விழுவது கையில் தலைகீழாக இருக்கும். எழுத்தில் ஒருநாளும் அதை மறந்ததில்லை. படம்தானே என்று, புத்தகத்தில் பார்த்தபடியே கட்டையில் செதுக்கிவிட்டேன். தாளில் இடப்பக்கச் சிப்பாய் வலப்பக்கம் போய் நின்றது. எனக்கு அது தெரியவில்லை. செதுக்கிய கட்டையைப் பார்த்துப் பார்த்து அதே நினைவு. எங்கள் ஆட்கள் தாளை நம்பி, ராஜாவுக்குப் பக்கத்து ஒட்டகத்தின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ராஜாவின் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினார்கள். வக்கீல்களின் மந்திரி அந்த வாசல் வழியாகவே வந்தது. ஆறு பலகையில் ஐந்து தோல்வி. என் பலகை ஒன்றுதான் தப்பியது. அதுவும் நான் தாளைப் பார்க்காமல் ஆடியதால்.

எங்களில் ஒருவரான வக்கீல் குமாஸ்தா சுந்தரம், எல்லாம் முடிந்த பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். படத்தில் ராஜாவும் மந்திரியும்கூட இடம் மாறி நின்றார்கள். முன்பே பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேண்ணே. ராஜா எடத்துல மந்திரி நிக்கிறாரேன்னு தோணுச்சு. சரி, நாட்டுல நடக்குறதத்தான அண்ணன் அச்சடிச்சிருக்காருன்னு விட்டுட்டேன்."

மச்சான் வந்த நாள்

அங்கம்மாளுக்கு அந்த மாசியில் வயிற்றில் வலி கண்டது. வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். அரை மணியில் சரியாகி அடுப்படிக்குப் போய்விடுவாள். நாட்டு வைத்தியரிடம் சூரணம் வாங்கிக் கொடுத்தேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கீறிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். எனக்கு அவளைவிட அதிகம். ஆனால் அவள் பயப்படுகிறாள் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பங்குனி போகட்டும், எப்படி மாறுகிறது என்று பார்ப்போம் என்று இருந்தேன்.

அவளுடைய அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து வந்தார். மாடு வாங்கி விற்கிறவர். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு கூடத்தில், நான் காய் பரப்பி வைத்திருந்த பலகையையும் பக்கத்தில் கிடந்த நோட்டையும் பார்த்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"மாப்ள, எங்க ஊர்ல மாடு ஒரு வேளை தீனி எடுக்கலைன்னாலும் அன்னைக்கே வைத்தியர்கிட்ட ஓட்டிக்கிட்டுப் போயிருவோம். நீங்க பொம்பளைய வச்சுக்கிட்டு பாப்போம் பாப்போம்ங்கிறீக."

நகர்த்த ஏதுமில்லை

அவர் போன பிறகும் இரண்டு வாரம் போயிற்று. வலி இல்லாத ஒரு சாயங்காலம் அவளே பலகையை எடுத்துவந்து காய் அடுக்கினாள். எனக்கு வெள்ளை. வழக்கம்போல இரு பக்கமும் ஓரத்தில் நகர்த்தி நகர்த்திக் காத்திருந்தேன். அவளும் அன்று அவசரப்படவில்லை. என் ஓரத்துச் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக முன்னே போய் முட்டி நின்றன. குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் போக்கிடம் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கையை வயிற்றில் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இனிமே ஓரத்துல நகத்த ஒண்ணுமில்லீங்க. நடுவுல ஏதாச்சும் செஞ்சாத்தான் உண்டு."

ஆஸ்பத்திரியில்

மறுநாள் காலையில் ஜட்கா வைத்து அழைத்துப்போனேன். கோச்சடையிலிருந்து போகிற வழி முழுக்க வண்டி குலுங்கும்போதெல்லாம் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். எத்தனை நாளாக வலி என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மாசியிலிருந்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சித்திரை பிறந்துவிட்டது. கட்டிலில் படுத்திருந்தவள்தான் பதில் சொன்னாள். பன்னிரண்டு நாள் அங்கே இருந்தாள். அவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். பிறகு அவள் உடலை மாமனார் ஊருக்கே கொண்டுபோனோம். அன்றைக்கு டாக்டரம்மாவிடம் அவள் சொன்னது இதுதான். அந்தக் குரலிலேயே இன்றும் எனக்குக் கேட்கிறது.

"அவருக்குத் தெரியாதும்மா. நான் சொல்லல. இப்பத்தான், நாலஞ்சு நாளா."

கடைசிப் போட்டி

அடுத்த வருஷம் வக்கீல்களோடு ஆடப் போக எனக்கு மனமில்லை. ராவுத்தர் வீட்டுக்கே வந்து, சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, கூட்டிப்போனார். எனக்கு வெள்ளை விழுந்தது. எதிரே ஒரு பெரிய வக்கீல். நான் எந்த ஓரத்தைத் தொடுவேன் என்று பார்க்க இரண்டு பேர் பின்னால் வந்து நின்றார்கள். என் ஆட்டம் அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்த கேலிதான்.

ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் வைத்தேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அடுத்தது என்ன செய்வதென்று தெரியாது. அந்தப் பக்கங்கள் எல்லாம் பொட்டணமாகிப் போனவை. அங்கம்மாள் ஆடுகிற மாதிரி ஆடிப்பார்த்தேன். அவள் கை எனக்கு வரவில்லை. பதினெட்டாவது நகர்த்தலில் என் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்தேன்.

சுந்தரத்துக்குக் கோபம் தாங்கவில்லை. "ஏண்ணே, எழுதி எழுதி வச்சிருந்த நோட்டு என்னாச்சு? இன்னைக்குத்தானா புதுசா ஆரம்பிக்கணும்?" என்று படியிறங்குகிற வரை கேட்டுக்கொண்டே வந்தார். ராவுத்தர் தெருவுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, விளக்குத்தூண் வரை கூடவே நடந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இத முன்னமே செஞ்சிருந்தா, இந்நேரம் பத்துத் தடவ தோத்து, ஆட்டம் கொஞ்சம் பிடிபட்டிருக்கும் தம்பி."

ஓரமோ நடுவோ, எதிரே உட்கார ஆள் இருக்கும்போதே நகர்த்திவிடுங்கள் என்பதுதான், அரைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஆராய்ந்ததில் நான் கண்டுபிடித்த ஒரே முடிவு.