படியில் நிற்கும் சக்கர நாற்காலி

ஞாயிறு காலை, ஓசூர் பேருந்து நிலையம். நடக்க முடியாத என் மகள் கயலுக்குப் பெங்களூரைக் காட்டக் கிளம்பியிருக்கிறோம். பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ என்று அவளே திட்டம் போட்டிருக்கிறாள்.

நடத்துநர் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுக்கிறார். “இத ஏத்த முடியாதுங்க. டாக்ஸியில போயிடுங்க.”

“நாங்களும் டிக்கெட் எடுக்கறவங்கதாங்க. பஸ்லதான் போவோம்,” என்கிறாள் என் மனைவி. நான் கயலைத் தூக்கிக்கொள்ள, அவள் நாற்காலியை மடித்து முன்படியில் வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். அவள் நகரவில்லை. பின்படி வழியாக நான் கயலோடு ஏறுகிறேன்.

கடைசியில் நடத்துநரே நாற்காலியை உள்ளே இழுத்து வைக்கிறார். டிக்கெட் கிழிக்கும் அவரிடம் கயல் சொல்கிறாள்:

“சாயந்தரமும் பஸ்லதாண்ணா திரும்புவோம்.”